அம்மாவுக்கு ஒரு சின்ன ஸ்பானியல்: வாங்கலாமா, விடலாமா?

சுதா_தேற்றாத்தீவு
வணக்கம் எல்லோருக்கும். இங்கே நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. அப்பா போய் ஒன்றரை வருடமாகிறது. அம்மாவுக்கு வயது 67, தேற்றாத்தீவில் பெரிய வளவில் தனியே இருக்கிறார், எனக்குக் கல்லடியில் வேலை, கிழமையில் 2 நாள்தான் போய் நிற்க முடிகிறது. எங்கள் வீட்டில் எப்போதும் நாய் இருந்தது, கடைசியாக இருந்ததும் அப்பா இறந்து 2 மாதத்தில் செத்துப் போனது, அதற்குப் பிறகு அம்மா வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அவரே வாய்விட்டுக் கேட்கிறார், "மடியில வச்சிருக்கக் கூடிய சின்ன நாயொண்டு பாரு புள்ள" என்று. கொழும்பிலிருந்து 2 பேர் படம் அனுப்பினார்கள். இரண்டு பேரும் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றுக்கு மூக்கே இல்லை, முகம் தட்டையாக, கண்கள் வெளியே தள்ளி நிற்கிறது. மற்றதுக்கு நல்ல மூக்கு, நீளமான காது, நெற்றி நடுவில் ஒரு மண்ணிறப் புள்ளி. இதில் எது உண்மையான இனம்? நம்முடைய வெயிலுக்கு இது தாங்குமா? வளர்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

வாவிக்கரை
தங்கச்சி, இரண்டும் உண்மையான இனம்தான், ஆனால் ஒரே இனம் இல்லை. தட்டை முகம் உள்ளது கிங் சார்லஸ் ஸ்பானியல். மூக்கு நீண்டது கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல். என்னிடம் இருப்பது இரண்டாவது. பெயர் பொட்டு, வயது 8 முடிந்துவிட்டது, நீங்கள் சொல்லும் அந்த நெற்றிப் புள்ளிக்காகத்தான் என் மகள் அந்தப் பெயரை வைத்தாள்.

இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் எந்தக் குட்டியை எடுப்பது என்ற கேள்விக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் 2ஆம் சார்லஸ் மன்னர் 1660 முதல் 1685 வரை ஆண்டவர், அவருக்கு இந்தச் சின்ன ஸ்பானியல்கள் மேல் அப்படியொரு பிரியம். சபை கூடியிருக்கும்போதே நாயோடு விளையாடிக்கொண்டிருந்தார், காரியத்தில் கவனமில்லை என்று அவர் காலத்து அலுவலர் ஒருவர் தன் நாட்குறிப்பில் குறைப்பட்டிருக்கிறார். மன்னர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே, 1635 வாக்கில், வான் டைக் என்ற ஓவியர் அவரையும் சகோதரங்களையும் இந்த நாய்களோடு வரைந்திருக்கிறார். நம்முடைய மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1638இல், அதற்கும் முந்திய படம் அது. அந்த நாய்களின் முகத்தைப் பாருங்கள், மூக்கு உண்டு.

மறுகா விக்டோரியா ராணி காலத்தில் தட்டை முகம்தான் அழகு என்று ஆகிவிட்டது. பக், ஜப்பானியச் சின் மாதிரியான நாய்களோடு கலந்து, மூக்கு குட்டையாகி மண்டை உருண்டையாகி, படத்திலிருந்த பழைய நாய் இல்லாமலே போய்விட்டது. 1926இல் ரோஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் அப்போது லண்டனில் நடந்த கிராஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சிக்கு வந்து பார்த்திருக்கிறார். சார்லஸ் மன்னர் காலத்துப் படத்தில் இருப்பது போன்ற நீள முகம், தட்டை உச்சி, நெற்றியில் பொட்டு உள்ள நாயைக் கொண்டுவருகிறவருக்கு 25 பவுண் பரிசு என்று அறிவித்தார், அதுவும் 5 வருடத்துக்கு. தட்டை முகம் வளர்த்தவர்கள் தாங்கள் கழித்து ஒதுக்கிய 'மூக்கு நீண்டுபோன' குட்டிகளைத் தேடி எடுத்தார்கள். 1928இல் சங்கம் தொடங்கினார்கள், ஆன்ஸ் சன் என்ற ஆண் நாயை மேசையில் நிறுத்தி, அதைப் பார்த்துத்தான் இனத்துக்கான இலக்கணத்தை எழுதினார்கள். பழைய கிங் சார்லஸிலிருந்து வேறுபடுத்தத்தான் முன்னால் கவாலியர் என்ற சொல்லைச் சேர்த்தது. அதே 1928இல் எல்ட்ரிட்ஜ் இறந்துவிட்டார். தான் கேட்ட நாய் திரும்ப வந்ததை அவர் சரியாகப் பார்க்கவேயில்லை என்பது எனக்கு எப்போதும் கவலையான விஷயம். பிரித்தானியாவில் தனி இனமாகப் பதிந்தது 1945இல்.

நம்முடைய இடத்துக்குத் தட்டை முகத்தை எடுக்க வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மனிதருக்கே மூச்சு முட்டுகிறது. நாய் வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்கும், மூக்கும் தொண்டையும் குறுகினால் அதை எப்படி இறக்கும்?

அக்கரையூரான்
நான் நேராகவே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். குளிர் நாட்டு ராசாவின் மடியில் இருந்த நாயை ஏன் தேற்றாத்தீவு மணலுக்குக் கொண்டுவர வேண்டும்? அக்கரைப்பற்றுச் சந்தையடியில் மாத்திரம் எத்தனை கட்டாக்காலிக் குட்டிகள் கிடக்கின்றன. ஒன்றைத் தூக்கிவந்து 2 ஊசி போட்டுச் சோறும் மீனும் வைத்தால் 14 வருடம் வளவைக் காக்கும். என்னிடம் அப்படி 3 இருக்கின்றன, மூன்றும் தங்கம். அம்மா தனியே இருக்கிறார் என்கிறீர்கள், காவலுக்கு என்ன செய்வீர்கள்?

சுதா_தேற்றாத்தீவு
அண்ணா, கோபமே இல்லை, எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. எங்கள் வீட்டு நாய்கள் எல்லாம் ஊர் நாய்கள்தான். ஆனால் அம்மாவுக்கு இப்போது முழங்கால் வருத்தம், வேகமாக இழுக்கிற நாயைப் பிடிக்க முடியாது. போன வருடம் அடுத்த வீட்டு நாய் குதித்ததில் விழுந்தும் போனார். காவலுக்கு இல்லை, கூட இருக்கத்தான்.

வாவிக்கரை
அக்கரையூரான் கேட்டது நியாயமான கேள்வி. காவலுக்கு இது சரிவராது. எங்கள் வீட்டுக்கு மீன்காரர் வந்தாலும் மின்சாரப் பட்டியல்காரர் வந்தாலும் பொட்டு முதல் ஆளாகப் போய் வாலை ஆட்டும், கள்ளன் வந்தாலும் அதையேதான் செய்யும். ஆனால் கூட இருப்பது என்று எடுத்தால் இதை விட்டால் வேறில்லை. பழைய காலத்தில் சீமாட்டிகள் குளிருக்கு மடியில் வைத்திருக்க இதை வைத்திருந்தார்கள், அந்தப் பழக்கம் இரத்தத்திலேயே ஊறிப்போயிருக்கிறது. நான் பத்திரிகை வாசித்தால் காலில் நாடியை வைத்துக்கொண்டு படுக்கும், குசினிக்குப் போனால் குசினி, கிணற்றடிக்குப் போனால் கிணற்றடி. மனைவிக்குச் சத்திரசிகிச்சை நடந்து 3 கிழமை கட்டிலில் இருந்தபோது சாப்பிடவும் வெளிக்குப் போகவும் தவிர அது கட்டிலடியை விட்டு நகரவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தனியே விட்டால் தாங்காது. 8 மணித்தியாலம் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து எடுக்க வேண்டாம், அது ஊளையிட்டு, கதவைப் பிறாண்டி, தன் காலையே நக்கிப் புண்ணாக்கும். அம்மா நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார் என்பதால்தான் நான் ஓம் என்று சொல்ல யோசிக்கிறேன்.

இன்னொன்று, மடி நாய் என்றாலும் ஸ்பானியல் ஸ்பானியல்தான், பறவையைத் துரத்துகிற வேட்டை நாயின் வம்சம். அணில், காகம், பட்டாம்பூச்சி, மோட்டார் சைக்கிள், எது ஓடினாலும் பின்னால் ஓடும், றோட்டைப் பார்க்காது. படலை எப்போதும் சாத்தியிருக்க வேண்டும். கிணற்றுக் கட்டு உயரமா என்று பாருங்கள். தண்ணீர் என்றால் உயிர், ஆனால் வாவிக் கரையில் மாலை நேரம் அவிழ்த்துவிடவே வேண்டாம், முதலை இருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மிருகநலம்_களுவாஞ்சி
நான் மிருக வைத்தியத் துறையில் வேலை செய்கிறேன். எல்லோரும் குணத்தையும் அழகையும் எழுதுகிறீர்கள், இதயத்தைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லை. சுதா அக்கா, இதை வாசித்த பிறகு முடிவெடுங்கள்.

கவாலியருக்கு இதய வால்வு நோய் மற்ற இனங்களைவிட மிகவும் கூடுதலாகவும் இளம் வயதிலும் வரும். 5 வயதில் ஏறத்தாழப் பாதி நாய்களுக்கு ஸ்டெதஸ்கோப்பில் முணுமுணுப்பு (இதயத் துடிப்போடு வரும் இரைச்சல்) கேட்கும், 10 வயதில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும். இதயத்தின் இடதுபக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வு தடித்துச் சுருங்கி, கதவு சரியாக மூடாத மதகு மாதிரி ஆகிவிடும், ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்ச இரத்தம் வந்த வழியே திரும்பும். அதை ஈடுசெய்ய இதயம் பெருக்கும், கடைசியில் நுரையீரலில் நீர் கட்டும். முணுமுணுப்புக் கேட்ட உடனே சாவு இல்லை, பல நாய்கள் வருடக்கணக்கில் சுகமாகவே இருக்கும். அறிகுறி இல்லாமல் இதயம் மட்டும் பெருத்த நாய்களுக்கு பிமோபெண்டன் என்ற மருந்து கொடுத்தால் இதயச் செயலிழப்பு ஏறத்தாழ 15 மாதம் தள்ளிப்போகிறது என்று 2016இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அது பெருத்ததா இல்லையா என்று எக்ஸ்ரே அல்லது எக்கோவில் (இதய ஸ்கேன்) பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

ஆகவே குட்டி வாங்க முன்னம் குட்டியைப் பார்க்காதீர்கள், தாயையும் தகப்பனையும் பாருங்கள். கவனமாக இனம் பெருக்குகிறவர்கள் இரண்டரை வயதுக்கு முன் இணை சேர்க்க மாட்டார்கள், அந்த வயதில் தாய் தகப்பனின் இதயம் சுத்தமாக இருக்க வேண்டும், குட்டியின் பாட்டன் பாட்டிக்கு 5 வயதிலும் முணுமுணுப்பு இருந்திருக்கக் கூடாது. இதைக் கேட்டால் கோபப்படுகிறவரிடம் வாங்க வேண்டாம். நோர்வேயில் இது நீதிமன்றம்வரை போனது, கவாலியரை இப்படியே தமக்குள் பெருக்குவது மிருகநலச் சட்டத்துக்கு மாறானது என்று 2023இல் அந்த நாட்டு உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. வளர்ப்பதைத் தடுக்கவில்லை, பெருக்குவதைத்தான்.

லண்டனில்_கல்முனையான்
தம்பி எழுதியது முழுக்க உண்மை. இங்கே பூங்காவுக்குப் போனால் பத்தில் ஒன்று கவாலியர் மாதிரித்தான் எனக்குத் தெரியும், அவ்வளவு பேர் வைத்திருக்கிறார்கள். என்னுடையது ரூபி, முழுச் சிவப்பு. (4 நிறம்தான் உண்டு: வெள்ளையில் சிவப்பு, மூன்று நிறம், முழுச் சிவப்பு, கறுப்பில் மண்ணிறம்.) 4 வயதில் நடக்கும்போது நின்று நின்று ஒரு பக்கக் கழுத்தைச் சொறியத் தொடங்கியது, ஆனால் கால் கழுத்தில் படவே இல்லை, காற்றைச் சொறிகிற மாதிரி. நாங்கள் உண்ணி என்று நினைத்துத் தலைமுடியைக் கோதிக் கோதிப் பார்த்தோம். பிறகுதான் தெரிந்தது, மண்டையின் பின்பக்கம் மூளைக்குப் போதுமான இடமில்லாமல், அதைச் சுற்றி ஓட வேண்டிய நீர் தடைப்பட்டு, முள்ளந்தண்டு வடத்துக்குள் குழிவிழுகிற நோய். இரவில் தூக்கத்தில் ஒரு சத்தம் போடும், அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மருந்தோடு 3 வருடம் இருந்தது. வாங்குகிற நாயைத் தூக்கும்போது கத்துகிறதா, கழுத்துப் பட்டியைத் தொட விடுகிறதா என்று பாருங்கள். கழுத்துக்குப் பட்டி போடவே வேண்டாம், நெஞ்சைச் சுற்றிப் போடும் வார்தான் நல்லது.

அக்கரையூரான்
இவ்வளவையும் வாசித்த பிறகும் வாங்கப் போகிறீர்களா?

வாவிக்கரை
உங்கள் கேள்விக்கு நான் மழுப்பவில்லை. எனக்கு 8 வருடத்துக்கு முன் இது ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் தாய் நாயைப் பார்க்காமல் வாங்கியிருக்க மாட்டேன். பொட்டுக்கு 6 வயதில் முணுமுணுப்புக் கேட்டது, எக்கோ எடுக்கப் பேராதனைக்குப் போனோம், விடிய 3 மணிக்கு வான் பிடித்து மகியங்கனை வழியாக. இப்போது தினமும் 2 நேரம் குளிசை. ஆனால் இருக்கிற நாயை நன்றாகப் பார்ப்பது எப்படி என்பதையாவது நான் சொல்லலாம்.

முக்கியமானது மூச்சை எண்ணுவது. நாய் ஆழ்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒன்று என்று எண்ணி, ஒரு நிமிடம். 30க்குக் கீழே இருக்க வேண்டும். நான் ஒவ்வொரு இரவும் செய்தி முடிந்தவுடன் எண்ணிக் கலண்டரில் எழுதுகிறேன், 18, 20, 19 என்று போய்க்கொண்டிருக்கும். போன மார்கழியில் ஒரு நாள் 34. திரும்ப எண்ணினேன், 36. ஆள் சாதாரணமாகத்தான் படுத்திருந்தது, இருமல்கூட இல்லை. இரவோடு இரவாக வைத்தியருக்குப் போன் பண்ணி நீர் இறங்கும் குளிசையைத் தொடங்கினோம், விடியும்போது 24. இருமும்வரை காத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே மனம் வரவில்லை.

அடுத்தது நிறை. 5.4 முதல் 8 கிலோ வரைதான் இந்த இனத்துக்கு. இது கேட்கிற கேள்விக்கு 'இல்லை' என்று சொல்ல முடியாத கண் இருக்கிறதே, அதனால் எல்லோரும் ஊட்டுவார்கள். கூடுகிற ஒவ்வொரு கிலோவும் இதயத்தின் மேல்தான் ஏறும்.

சுதா_தேற்றாத்தீவு
ஐயா, வாசிக்க வாசிக்கக் கண் கலங்குகிறது. அம்மாவுக்கு எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர் கேட்கச் சொன்னவை: சோறும் மீனும் கொடுக்கலாமா, எத்தனை நாளுக்கு ஒரு தடவை குளிப்பாட்டுவது, மாரியில் என்ன செய்வது, உண்ணிக்கு என்ன?

வாவிக்கரை
அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சோறு, முள்ளெடுத்த அவித்த மீன், கோழி, பூசணி, கரட் எல்லாம் கொடுக்கலாம், ஆனால் கறிச்சட்டியிலிருந்து இல்லை. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுவை உடைக்கும், நம்முடைய கறியில் அவை இல்லாத கறி ஏது? உப்புப் போடாமல், தாளிக்காமல் தனியே அவியுங்கள், இதய நோய் வந்தால் உப்புத்தான் முதல் எதிரி, கருவாட்டைக் கண்ணிலும் காட்ட வேண்டாம். பிறந்தநாள் கேக்கில் வரும் உலர்ந்த முந்திரிகை கூடவே கூடாது. காய்ச்சல் என்று பரசிற்றமோல் குளிசையை யாரும் உடைத்துக் கொடுத்துவிட வேண்டாம், இதனால் நாய்கள் செத்திருக்கின்றன.

குளிப்பு 2 அல்லது 3 கிழமைக்கு ஒன்று போதும். விக்டோரியா ராணியிடம் டாஷ் என்று மூன்று நிற ஸ்பானியல் இருந்தது, 1838 ஜூன் 28ஆம் திகதி முடிசூட்டு விழா முடிந்து அரண்மனைக்குத் திரும்பியவர் அதைக் குளிப்பாட்டினாராம், அவ்வளவு நீளமான நாளில் அதுவும் ஒரு வேலை. குளிப்பாட்டுவது சுகம், காய வைப்பதுதான் வேலை. தொங்கும் காதுக்குள் ஈரம் நின்றால் நம்முடைய புழுக்கத்தில் 2 நாளில் மணக்கத் தொடங்கும். நான் காது இரண்டையும் உச்சிக்குமேல் தூக்கி, துணி காயப்போடும் கிளிப்பில்லை, மகளின் பழைய துணிப் பட்டியால் தளர்வாகக் கட்டி, ஃபேனுக்குக் கீழே அரை மணி இருத்திவிடுவேன். சாப்பிடும்போதும் அப்படிக் கட்டினால் காது கஞ்சிக்குள் தோயாது.

தினமும் சீவ வேண்டும், காதின் பின்னுக்கும் அக்குளுக்கும்தான் சடை விழும். வளவில் ஒட்டுப்புல்லும் நாயுருவியும் இருந்தால் பாதத்தின் கீழ் மயிரைக் கட்டையாக வெட்டிவிடுங்கள். வெயிலுக்கு என்று மொட்டையடிக்க வேண்டாம், அந்த மயிர்தான் வெயிலை மறிக்கிறது. நடை காலை 6 மணிக்கு முன், அல்லது நன்றாக இருட்டிய பிறகு. புறங்கையைத் தாரில் வைத்து 7 வரை எண்ணுங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். கரண்ட் போனால் சீமெந்துத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். நாக்கு நீலம் பாரித்துத் தள்ளாடினால் கிணற்றுத் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறிக்கொண்டே வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள்.

மிருகநலம்_களுவாஞ்சி
உண்ணிக்கு மாதா மாதம் கொடுக்கும் குளிசை இருக்கிறது, வைத்தியர் நிறை பார்த்துத் தருவார், அதைத் தவறவிட வேண்டாம், நம்முடைய பகுதியில் உண்ணிக் காய்ச்சல் மிக அதிகம். இதில் கவாலியருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. உண்ணிக் காய்ச்சலில் இரத்தத் தட்டணு (இரத்தம் உறைய உதவும் அணு) குறையும், அதைப் பார்த்துத்தான் சந்தேகிப்போம். கவாலியரில் ஏறத்தாழப் பாதிக்குப் பிறப்பிலேயே தட்டணு எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பெரிது, இயந்திரம் அதைத் தட்டணு என்று எண்ணாமல் விட்டுவிடும். நாய் சுகமாகவே இருக்கும், அறிக்கை மட்டும் பயமுறுத்தும். ஆய்வுகூடத்தில் கண்ணாடித் தட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் கையால் எண்ணச் சொல்லுங்கள்.

வாவிக்கரை
இது எங்களுக்கு நடந்தது தம்பி. பொட்டுக்கு 3 வயதில் ஓரிடத்தில் இரத்தம் சோதித்து, உண்ணிக் காய்ச்சல் என்று 28 நாள் மருந்து, மறுபடியும் சோதித்தால் அதே எண், மறுபடியும் 28 நாள். வாந்தியெடுத்து எலும்பும் தோலுமாகிவிட்டது. மூன்றாவது தடவை வேறொரு இளம் வைத்தியர்தான் இனத்தைக் கேட்டார், கேட்டவுடன் சிரித்துவிட்டு நுணுக்குக்காட்டியை எடுத்தார். கண் விஷயத்தையும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

மிருகநலம்_களுவாஞ்சி
ஓம். கண்ணீர் வற்றும் நோய் இந்த இனத்தில் உண்டு. கண்ணில் பசை மாதிரி தடித்த பீளை தொடர்ந்து வந்தால், கண் பளபளப்பு இல்லாமல் மங்கினால், கண்ணோவு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டிருக்காமல் கண்ணீர் அளக்கச் சொல்லுங்கள், ஒரு சின்னக் கடதாசித் துண்டை இமைக்குள் ஒரு நிமிடம் வைத்துப் பார்ப்பதுதான்.

அக்கரையூரான்
ஒன்று கேட்கட்டுமா, சார்லஸ் மன்னர் இந்த நாய் எந்த இடத்துக்கும், பாராளுமன்றத்துக்குள்ளும் போகலாம் என்று சட்டம் போட்டாராமே, இன்றும் அது இருக்கிறதாமே?

லண்டனில்_கல்முனையான்
எல்லோரும் சொல்வார்கள் அண்ணன், ஆனால் தேடியவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் கிடைக்கவே இல்லை. நெற்றிப் பொட்டின் கதையும் அப்படித்தான். 1704இல் பிளென்ஹைம் சண்டைக்குப் போன கணவருடைய செய்திக்காகக் காத்திருந்த மார்ல்பரோ சீமாட்டி, மடியிலிருந்த சினை நாயின் நெற்றியைப் பெருவிரலால் அழுத்தி அழுத்தி இருந்தாராம், பிறந்த குட்டிகளுக்கெல்லாம் விரல் பட்ட இடத்தில் பொட்டாம். நடந்ததோ இல்லையோ, அந்த வெள்ளை சிவப்பு நிறத்துக்கு இன்றும் பிளென்ஹைம் என்றுதான் பெயர்.

சுதா_தேற்றாத்தீவு
மன்னிக்க வேண்டும், 5 மாதம் கழித்து வருகிறேன். நாங்கள் குட்டி வாங்கவில்லை. இரண்டு பேரிடமும் தாய் தகப்பனின் இதயம் பார்த்த அறிக்கை கேட்டேன், ஒருவர் போனை வைத்துவிட்டார், மற்றவர் குட்டிக்கு ஊசி போட்ட அட்டையை அனுப்பினார். அதோடு விட்டுவிட்டேன். பிறகு, கண்டியில் ஒரு குடும்பம் வெளிநாடு போவதால் தங்கள் 6 வயதுக் கவாலியருக்கு வீடு தேடுவதாகக் கேள்விப்பட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று நிறம், பெண். வைத்தியர் காதில் வைத்துக் கேட்டு, மெல்லிய முணுமுணுப்பு இருக்கிறது, இதயம் இன்னும் பெருக்கவில்லை என்றார். நான் தயங்கினேன். அம்மா தரையில் இருந்துவிட்டார், முழங்கால் வருத்தத்தோடு, அது வந்து மடியில் ஏறிப் படுத்துவிட்டது. "எனக்கும்தான் பிரசர் இருக்கு, என்னை நீ வேண்டாமெண்டு விட்டனியா?" என்று என்னைக் கேட்டார்.

பெயர் ராணி, அவர்கள் வைத்தது, மாற்றவில்லை. வந்த முதல் கிழமை படலையைப் பார்த்துக்கொண்டே இருந்தது, சாப்பிடவில்லை, அம்மா கையால் பிசைந்து ஊட்டினார். இப்போது கோயிலுக்குப் போனால்கூட அரை மணியில் திரும்பி வந்துவிடுகிறார். அக்கரையூரான் அண்ணா, உங்கள் பேச்சும் வீண்போகவில்லை, பக்கத்து றோட்டில் கிடந்த கறுப்புக் குட்டி ஒன்றும் இப்போது எங்கள் வளவில்தான், காவல் அதன் பொறுப்பு.

ஐயா, அம்மாவுக்கு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு எண்ண வரவில்லை, எண்ணும்போது விட்டுவிடுகிறார். அதனால் இரவு 9 மணிக்கு நான் போனில் நேரம் பார்ப்பேன், அவர் ராணியின் விலாவில் கை வைத்து ஒவ்வொரு மூச்சுக்கும் "ம்" என்பார், நான் எண்ணுவேன். நேற்று 21.

வாவிக்கரை
21 நல்லது. கலண்டரில் எழுதுங்கள். கை வைத்தால் சில நேரம் விழித்துவிடும், கண்ணால் பார்த்து "ம்" சொல்லச் சொல்லுங்கள்.